ஜெர்மன் மாமாவின் கொப்பி

எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், பகலிலா இரவிலா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு கட்டிலில் இரண்டு பேர் முறைவைத்துப் படுத்திருப்பார்கள். உங்கள் வீட்டு வாசலிலும் சப்பாத்துகள் வரிசையாக இருந்திருக்கும். எந்தச் சோடி இல்லையோ அந்த ஆள் ஷிப்ட்டில் என்று பொருள். மணிக்கூடு பார்க்கப் பழகிய அதே வயதில் நாங்கள் சப்பாத்துப் பார்க்கவும் பழகிக்கொண்டோம்.

எங்கள் வீடு ஃபாரஸ்ட் கேட்டில், ரயில் பாதைக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. மேல்மாடியின் பின்னறையில் ஒரு கட்டில். இரவில் அதில் சித்தப்பா படுப்பார். அப்பாவின் தம்பி அவர். இல்ஃபோர்டில் ஒரு பலசரக்குக் களஞ்சியத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. காலையில் அவர் எழும்பிப் போன பிறகு, பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் இன்னொருவர் அதே கட்டிலில் படுப்பார். அவர் எங்களுக்கு உறவில்லை. அப்பாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஜெர்மனியில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்ததால் வீட்டில் எல்லோருக்கும் ஜெர்மன்காரன். எனக்கு ஜெர்மன் மாமா. அவருக்கு முப்பது வயது இருக்கும். எனக்குப் பதினொன்று.

ஒரு கோடை விடுமுறையைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆறு வாரம். பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது அவர் எங்கள் வீட்டில் இல்லை.

அவருடைய பெட்டியில் ஒரு தோல் கையுறை இருந்தது. இடது கைக்கு மட்டும். என் முகம் முழுவதும் அதற்குள் அடங்கும். ஜெர்மனியில் அவர் இருந்த அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு அமெரிக்கப் படைத்தளம் இருந்ததாம். அதன் சலவைச்சாலையில் களவாக வேலை செய்திருக்கிறார். சனிக்கிழமைகளில் படைவீரர்கள் பேஸ்போல் ஆடுவார்கள். ஆள் குறைந்தால் இவரைக் கூப்பிட்டுத் தூரத்தில் ஒரு ஓரமாக நிறுத்துவார்கள். ஊர் திரும்பிய ஒருவன் கையுறையை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

தோலுக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்று அந்தப் படைவீரன் சொல்லியிருந்தான். என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை.

"தம்பி, என்ர நல்லெண்ணெய்ப் போத்தல் குறைஞ்சுகொண்டு போகுது. தலைக்கு வைக்கிறீரோ?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"இல்லை அக்கா. கையுறைக்கு. வைக்காட்டித் தோல் வெடிச்சுப்போம்."

"நல்ல வீடு. ஆம்பிளையள் ஒருத்தரும் எண்ணெய் வைச்சு முழுகிறேல்லை. மாட்டுத்தோல் முழுகுது."

அந்தக் கையுறைக்குள் மூக்கை வைத்தால் தோல், நல்லெண்ணெய், பெட்ரோல் மூன்றும் மணக்கும். அந்தக் கலவையை அதன்பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளிக்குப் போவோம். அவர் கையுறையை என் கையில் மாட்டிவிட்டு டென்னிஸ் பந்தை எறிவார். பந்து தோலில் விழும் சத்தம் கதவைச் சாத்துவது போல இருக்கும். ஒருமுறை அப்பாவும் வந்தார். பழைய விளக்குமாற்றுத் தடிதான் மட்டை. நான்கு மூலைகளில் நான்கு பிளாஸ்டிக் பைகளை வைத்து, பறக்காமல் கல் வைத்திருந்தோம். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு மூலையாக ஓடி, புறப்பட்ட மூலைக்கே வந்து சேர வேண்டும்.

அப்பா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "உதென்ன புதுசே? நாங்கள் ஊரிலை அடிச்ச எல்லே விளையாட்டுத் தானே இது," என்றார்.

"ஓம் அண்ணை, எல்லே தான். அவங்கள் நல்ல உடுப்புப் போட்டு ஆடுறாங்கள்."

"அப்ப நாங்கள் அம்மணமாவே ஆடினாங்கள்? கொண்டா தடியை."

அப்பா சேர்ட்டின் கைகளை மடித்துவிட்டு நின்றார். அவர் அப்படி நின்றதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஊரில் எல்லே குழுவில் இருந்தவர் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். மூன்றாவது பந்து மரங்களுக்கு மேலால் போய்த் தெருவில் விழுந்தது. ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அப்பா ஓடவில்லை. தடியைப் பிடித்தபடி பந்து போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நீங்கள் நாலாவது ஆள்," என்றார் ஜெர்மன் மாமா.

"நாலாவதோ? ஏன், முதலாவதா அடிக்க எனக்கு ஏலாதோ?"

"பலமான ஆளைத்தான் நாலாவதா விடுவாங்கள். முதல் மூண்டு பேரும் போய் மூலையளிலை நிப்பினம். அவையை வீட்டை கொண்டு வந்து சேர்க்கிறது நாலாவது ஆளின்ர வேலை."

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. வீடு திரும்பும் வழியில் இரண்டு முறை என்னிடம் சொன்னார். நாலாவது ஆள்.

ஜெர்மன் மாமாவிடம் ஒரு கசெட் பிளேயர் இருந்தது. பற்றறி மூடிக்குப் பதிலாக ஒட்டுநாடா. கசெட்டுகள் படைத்தளத்து வானொலியிலிருந்து பதிந்தவை. ஒரு கசெட்டின் முதல் பக்கத்தில் ட்ரம்பெட். ஆறுதலாக, அவசரமே இல்லாமல் யாரோ ஊதுவார். அம்மாவுக்கு அது யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. பின்னேரம் மீன் வெட்டிக்கொண்டே மேல்மாடிக்குக் கேட்கக் குரல் கொடுப்பார்: "தம்பி, அந்தக் குழலைப் போடும்." அது வாசிக்கும்வரை பேசமாட்டார். தண்ணீர்க் குழாயையும் திறக்கமாட்டார்.

மற்றப் பக்கத்தில் பேஸ்போல் ஆட்டம் ஒன்றின் நேர்முக வர்ணனை. ஓர் ஆண் குரல் இடைவிடாமல் எண்கள் சொல்லும். இரண்டு, இரண்டு. மூன்று, இரண்டு. பின்னால் கூட்டத்தின் இரைச்சல், மழை பெய்வது போல. எங்களில் யாருக்கும் அது விளங்கவில்லை. அம்மா அந்தப் பக்கம் தொடங்கியதும் குழாயைத் திறந்துவிடுவார்.

புத்தகங்களை நான்தான் கொண்டுவந்தேன். அந்த வட்டார நூலகத்தில் பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள் ஒரு முழு அலுமாரி இருந்தன. மஞ்சள் அட்டை, புகையிலை வாசனை, உள்ளே யாரோ பென்சிலால் கீறிய குறிப்புகள். பெரிய மாளிகை, ஒரு பிணம், ஏழெட்டுப் பேர், பனி பெய்து அடைபட்ட பாதை. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டிவைத்து, ஒவ்வொருவராகக் கழித்து, மிஞ்சும் ஒருவரைச் சுட்டுவார். ஜெர்மன் மாமாவும் அதே மாதிரிப் புத்தகங்களில்தான் ஆங்கிலம் படித்திருந்தார். படைத்தளத்தில் குப்பையில் போட்டவற்றை எடுத்து வாசித்தாராம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரே புத்தகத்தை இருவரும் வாசிப்போம். அவர் எழும்புவதற்கு முன் நான். எழும்பிய பின் அவர். கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்துவோம். குற்றவாளி யாரென்று ஆளுக்கொரு துண்டில் எழுதி மடித்து, வெறுமையான தேயிலை டின்னுக்குள் போடுவோம். பிறகு அவர் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பார். வாசித்து முடித்த பிறகே டின் திறக்கும்.

"பார், பெரிய துப்பறிவாளர் பிழைவிட்டிட்டா," என்பார். "தோட்டக்காரனைப் பிடிச்சுக் குடுத்திட்டீர். பாவம் அவன், பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தினதைத் தவிர ஒண்டும் செய்யேல்லை."

"அவன் பொய் சொன்னவன் மாமா."

"பொய் சொல்லுறவன் எல்லாம் கொலைகாரனெண்டால் இந்தத் தெருவிலை ஆர் மிஞ்சுவினம் பிள்ளை?"

அந்தக் கோடையில் அவர் ஐந்து முறை சரி. நான் இரண்டு முறை.

என் அறையும் பின்னறையும் ஒரு பலகைச் சுவரால் பிரிக்கப்பட்டிருந்தன. பின்னேரங்களில் அவர் எழும்பிய பிறகு சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்கும். மேசையில் இரண்டு சிறிய தட்டல்கள். ஒரு இடைவெளி. பிறகு பென்சில் உராயும் சத்தம். மறுபடி இரண்டு தட்டல்கள். ஒரு மணிநேரம், சிலநாள் இரண்டு மணிநேரம். என்ன செய்கிறீர்கள் என்று கதவைத் தட்டிக் கேட்டேன். அவர் கதவைத் திறப்பதற்குள் அலுமாரி மூடும் சத்தம் கேட்டது.

"ஒண்டுமில்லை பிள்ளை. சும்மா," என்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

ஓகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மூன்று மணியளவில் தொலைபேசி அடித்தது. அம்மா வெளியே போயிருந்தார். சுவருக்கு அப்பால் தட்டல் நின்றது. ஜெர்மன் மாமா படியிறங்கிப் போய் எடுத்தார். களஞ்சியத்தில் சித்தப்பாவோடு வேலை செய்பவர் பேசினார். குடிவரவு அதிகாரிகள் நேரே உள்ளே வந்து, சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டு, அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு ஒருவரையும் தொடவில்லை.

பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அன்று மாலையிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஒரு விஷயம்தான் பேசப்பட்டது. பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் என்றால் பெயரைச் சொன்னவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த நாட்களில் இதற்கு மேல் யோசிக்க நமக்கெல்லாம் பயிற்சி இருக்கவில்லை. ஊரில் காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றிய கதைகளோடுதான் ஒவ்வொருவரும் விமானம் ஏறியிருந்தார்கள். இங்கே வந்து கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்ட பிறகும், அறைக்குள் இருப்பவர்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

நானும் எண்ணினேன். பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். களஞ்சியத்துக்கு வெளியே, சித்தப்பா எங்கே வேலை செய்கிறார் என்று தெரிந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், அவரை அங்கே சேர்த்துவிட்ட எங்கள் தெருமுனைக் கடைக்காரர், ஜெர்மன் மாமா. நாவல்களில் செய்வது போல ஒவ்வொருவராக வெட்டினேன். அப்பா தம்பியைக் காட்டிக்கொடுக்கமாட்டார். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டார். கடைக்காரருக்குத் தன் கடைக்கே ஆபத்து. நான் நான். ஐந்தில் நான்கு போக ஒன்று.

சனிக்கிழமை அவர் உடுப்புத் தோய்க்க லோண்ட்றிக்குப் போன நேரம் பின்னறைக்குள் நுழைந்தேன். அலுமாரியில், கசெட்டுகளுக்குக் கீழே, நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தேதி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒன்பது எழுத்துகள். நிரை நிரையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் முனையில் நிற்கும் சிறிய சதுரம். சில சதுரங்களுக்குக் கடுமையான கோடு. சிலவற்றில் வட்டத்துக்குள் ஒரு எண். முதல் எழுத்து சித்தப்பாவுடைய பெயரின் முதலெழுத்து. இரண்டாவது கடைக்காரருடையது. மூன்றாவது என்னுடையது. நான்காவது அப்பாவுடையது. கீழே அம்மா, பிறகு எனக்குத் தெரியாதவர்கள்.

கடைசியாக எழுதிய பக்கத்தில் அந்த வியாழக்கிழமையின் தேதி இருந்தது.

அந்தப் பக்கத்தின் வலது ஓரத்துக் கடைசி நிரலை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். சித்தப்பாவின் கட்டத்தில் வட்டம். கடைக்காரரின் கட்டத்தில் வட்டம். என் கட்டத்தில் சதுரத்தின் மூன்று பக்கங்கள் மட்டும் கடுமையாகக் கீறப்பட்டிருந்தன. அப்பாவின் கட்டம் காலி. அதற்குக் கீழே எல்லாம் காலி.

பக்கத்தைக் கிழித்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதுதான் நினைவில் இருக்கிறது. கடைசி அத்தியாயத்துக்கு முன்பே விடை கிடைத்திருந்தது.

அப்பா அதை முன்னறையில், சன்னல் வெளிச்சத்தில், நின்றபடி பார்த்தார்.

"இது சித்தப்பா. வட்டம் போட்டால் பிடிபட்டாச்செண்டு அர்த்தம்," என்று விரல் வைத்துச் சொன்னேன். "இது கடைக்கார மாமா. அவரைப் பற்றியும் சொல்லியாச்சு. இந்தக் கட்டம் இன்னும் நிரப்பேல்லை. அடுத்தது நீங்கள் அப்பா."

அப்பா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஈரக்கையோடு வந்தார். அதுவரை அம்மாதான் அவனை விடுங்கோ, அவன் பாவம், அப்படிச் செய்யிறவன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

"பிள்ளையையும் எழுதி வைச்சிருக்கிறான்," என்றார் அப்பா.

அம்மா அதன்பிறகு அவன் பாவம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். அப்பா, அம்மா, கடைக்காரர், வாசலை மறித்தபடி கடைக்காரரின் மைத்துனர். ஜெர்மன் மாமா ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல், சீருடையோடு சோபாவின் நுனியில் இருந்தார். நான் கதவோரம். நாவலில் வருவது போலவே எல்லோரையும் ஒரு அறையில் கூட்டியாகிவிட்டது என்று நான் கவனித்தேன். அந்த எண்ணம் வந்த கணத்தில் சன்னலுக்கு வெளியே ஒரு பால் வண்டி நின்றது வரை நினைவிருக்கிறது.

அப்பா பக்கத்தை மேசையில் வைத்தார். "இது என்ன?"

ஜெர்மன் மாமா அதைப் பார்த்தார். கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார். முதலில் அவருக்கு வெட்கம்தான் வந்தது. அதை நான் இப்போது சொல்கிறேன். அன்று அது எனக்குக் குற்றமாகத் தெரிந்தது.

"அது... விளையாட்டு அண்ணை. பேஸ்போல்."

"ஆர் விளையாடினது?"

"நான்தான். தனிய. பகடை உருட்டி விளையாடுறது. எண்ணுக்கு ஏற்ற மாதிரிக் குறிக்கிறது."

"அப்ப என்னத்துக்கு எங்கடை பேர்?"

"ஆக்கள் வேணும் தானே அண்ணை. ஒன்பது பேர் வேணும். எனக்கு வேறை ஆரைத் தெரியும்?"

கடைக்காரர் சிரித்தார். "முப்பது வயது ஆம்பிளை, அறையைப் பூட்டிப்போட்டுத் தாயம் விளையாடினவராம். எங்களை வைச்சு."

"கசெட்டிலை ஒருத்தன் நெடுக நம்பர் சொல்லுறான். அதுவும் விளையாட்டோ?" என்றார் அவருடைய மைத்துனர்.

"ஓம் அண்ணை. அதுவும் அதுதான்."

"என்ர தம்பியைக் கொண்டு போன நாள் இது," என்று அப்பா தேதியில் விரலை வைத்தார். அவர் குரல் உயரவில்லை. "அண்டைக்கு மத்தியானம் நீ இதைத்தான் எழுதிக்கொண்டு இருந்தனியோ?"

"போன் அடிக்க விட்டிட்டு ஓடினனான் அண்ணை. முடிக்கேல்லை." அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளைக்குத் தெரியும். ஃப்ளாட்ஸிலை நாங்கள் விளையாடினது இதுதான். கேட்டுப் பாருங்கோ. சொல்லும் பிள்ளை."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

புல்வெளியில் நான்கு பிளாஸ்டிக் பைகளை நான்கு மூலையில் வைத்தது எனக்குத் தெரியும். அவற்றைக் கோட்டால் இணைத்தால் முனையில் நிற்கும் சதுரம் வரும் என்பதும், அந்த நொடியில், எனக்குத் தெரிந்தது. சுவருக்கு அப்பால் கேட்ட இரண்டு தட்டல்களும் தெரிந்தன. ஆனால் விடையை நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எல்லோரும் அதைக் கேட்டுத்தான் அங்கே கூடியிருந்தார்கள்.

"தெரியாது," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். புத்தகத்தில் நான் பிழைவிட்டால் ஆட்டுவது போலத்தான்.

ஒரு மணிநேரத்தில் போய்விட்டார். ஒரு பெட்டி, ஒரு பை, கசெட் பிளேயர். அடிக்கவில்லை, யாரும் அவரைத் தொடவில்லை. அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதுவரை எங்கள் வீட்டிலிருந்து யாரும் அப்படிப் போனதில்லை. வாசலில் சப்பாத்து வரிசையில் ஒரு இடைவெளி இருந்தது. அடுத்த நாள் அம்மா மற்றச் சோடிகளை நெருக்கி வைத்தார்.

கையுறை குசினியில் இருந்தது. எண்ணெய் ஊறுவதற்காக அவர் பொயிலருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்க யாருக்கும் முகவரி தெரியாது. சில வாரங்கள் கழித்து அம்மா அதைக் கையில் போட்டுச் சோற்றுப் பானையைப் பிடித்துக் கஞ்சி வடித்தார். சூடு தெரியவில்லை என்றார். நான்கு வருடம் அது அப்படிப் பாவனையில் இருந்தது. வீடு மாறியபோது காணாமல் போனது.

டின்னில் எங்கள் கடைசிப் புத்தகத்தின் இரண்டு துண்டுகள் மடித்தபடி கிடந்தன. புதுத் தேயிலை கொட்டும்போது அம்மா எடுத்து எறிந்துவிட்டார். புத்தகத்தைக் கெடு நாளில் திருப்பிக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தை வாசிக்கவில்லை.

சித்தப்பாவைப் பத்தொன்பது நாளில் விட்டுவிட்டார்கள். வழக்கு நடக்கும், வாராவாரம் கையெழுத்திட வேண்டும். வந்த அன்று அப்பா கேட்டார்: "ஆர் சொன்னதெண்டு அவங்கள் சொன்னவங்களோ?"

"சொல்லேல்லை அண்ணை," என்றார் சித்தப்பா.

ஜெர்மன்காரன் போன கதையை அப்பா சொன்னார். சித்தப்பா பிளேட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். அவர் கையில் சோறு நின்றது. பிறகு மறுபடி சாப்பிட்டார்.

கதை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. கடைக்காரர் கடையில் சொன்னார். கோயிலில் ஜெர்மன் மாமா நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்து நின்றார்கள் என்று கேள்விப்பட்டோம். பெட்ரோல் நிலையமும் நம்மவர் ஒருவருடையதுதான். அந்த வேலையும் போனது. நோர்பரியில் ஒரு கடையில் கண்டதாக ஒருவர் சொன்னார். அங்கேயும் கதை போய்விட்டது என்று அடுத்த வருடம் இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு ரொறொன்ரோவில் சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம். சாப்பாட்டு மேசையில், இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு, பழைய கதைகள் வந்தன. லண்டனில் எப்படிப் பிடிபட்டேன் தெரியுமா என்று சித்தப்பா தொடங்கினார். பிடிபட்டதற்கு முதல் நாள் இல்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் மாட்டியிருக்கிறார். பெயர் கேட்டார்கள், சொன்னார். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். பயத்தில் களஞ்சியத்தின் முகவரியைச் சொல்லிவிட்டார்.

"நானே சொல்லிக் குடுத்தனான்!" என்று மேசையில் தட்டிச் சிரித்தார். மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"அப்பாவிட்டை ஏன் சொல்லேல்லை சித்தப்பா?"

"அண்ணை ஏசுவார் தானே. டிக்கெட் எடுக்கச் சொல்லிக் காசு தந்துதான் விடுறவர்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. "பேந்து அந்தப் பெடியனும் போயிட்டான். இனிச் சொல்லி என்ன எண்டு விட்டிட்டன்."

பொரித்த கோழி வந்தது. எடுத்துக்கொண்டேன்.

நான் பத்திரிகையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். பெயர் மட்டும் தெரிந்த ஆட்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அந்த வேலையில் ஒரு பகுதி. அவரைத் தேடவில்லை. நேரம் இல்லை என்று சொல்லமுடியாது.

அப்பாவிடம் ஒரு மண்ணிறக் கோப்பு இருந்தது. உங்கள் அப்பாக்களிடமும் இருந்திருக்கும்: ஹோம் ஒஃபிஸ் குடிவரவுக் கடிதங்கள், கவுன்சில் கடிதங்கள், வழக்கறிஞர் கடிதங்கள், ஒன்றையும் எறியக்கூடாது என்ற கட்டளை. அவர் காலமான பிறகு கோப்பு என்னிடம் வந்தது. நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள், நான் கிழித்த அந்தப் பக்கம் இருந்தது. என்றாவது தேவைப்படும் என்று வைத்திருந்திருக்கிறார். நான் அதை எடுத்துப் பார்க்காமல் கோப்பை அலுமாரியில் வைத்தேன்.

சில கோடைகளுக்கு முன் அமெரிக்க பேஸ்போல் குழுக்கள் இரண்டு லண்டனுக்கு வந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் மைதானத்தில் ஆடின. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ரயிலில் இரண்டு தரிப்பு. மகன் டிக்கெட் எடுத்திருந்தான். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அமெரிக்கர், மடியில் அட்டை, காதில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் எதையோ குறித்தார். நான் எட்டிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒன்பது பெயர்கள். நிரை நிரையாகக் கட்டங்கள். கட்டத்துக்குள் முனையில் நிற்கும் சதுரம்.

அவர் நான் பார்ப்பதைக் கண்டு, சந்தோஷமாக விளக்கினார். வட்டத்துக்குள் எண் என்றால் ஆட்டமிழந்தார். ஒன்று என்றால் அந்த முறையில் முதலாவதாக, இரண்டு என்றால் இரண்டாவதாக. மூன்று பேர் ஆட்டமிழந்தால் முறை முடிந்தது. சதுரத்தின் பக்கங்கள் அவர் ஓடிய மூலைகள். நான்கும் கீறினால் வீடு வந்து சேர்ந்துவிட்டார்.

மூன்று பக்கம் மட்டும் என்றால்?

மூன்றாம் மூலையில் நிற்கிறார், என்றார். பின்னால் வருபவர் அடித்தால்தான் வரமுடியும்.

மகன் எனக்குக் குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஆட்டம் முடியும்வரை இருந்தோம். யார் வென்றது என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து பக்கத்தை வாசித்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் பென்சில் மங்கவில்லை. அம்மா அன்று ஒருமுறை நன்றாக அடித்திருக்கிறார். அப்பா முன்பு மூன்று முறை ஆட்டமிழந்து, ஒருமுறை எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்; அந்தக் கட்டத்தில் ஜெர்மன் மாமா பென்சிலை அழுத்திச் சதுரம் முழுவதையும் கறுப்பாக நிரப்பியிருந்தார். பக்கத்தின் அடியில் இரு பக்கத்து ஓட்டங்களும் எழுதப்பட்டிருந்தன. ஐந்துக்கு ஐந்து. ஒன்பதாவது முறை, கடைசி முறை. ஒரு ஓட்டம் வந்தால் எங்கள் வீடு வெல்லும்.

சித்தப்பா, வட்டத்துக்குள் ஒன்று. கடைக்காரர், வட்டத்துக்குள் இரண்டு. பிறகு நான். ஒரே அடியில் மூன்று மூலை ஓடியிருக்கிறேன். அதைக் குறித்த பிறகுதான் தொலைபேசி அடித்திருக்க வேண்டும்.

வீட்டில் பகடைகள் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.

நான் மூன்றாம் மூலையில் நிற்கிறேன். அடுத்தது அப்பா.